லானுக்கு ஊர் காட்டிய ஆறு ஞாயிறுகள்

நான்கு வருடம் நான் வெளிநாட்டுக்காரனாக இருந்தேன். வியட்நாமில் நாம் தின் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கிற வேலை. ரோட்டைக் கடக்கத் தெரியாமல் நான் கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றதையும், மீன் சாறு வாடைக்கு மூக்கைப் பொத்தியதையும், குச்சியால் சோறு எடுக்கத் தெரியாமல் சட்டையில் கொட்டியதையும் அதே ஆலையில் வேலை பார்த்த லான் பார்த்துச் சிரித்திருக்கிறாள். பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது சிரிப்பது என் முறை என்று நினைத்துத்தான் ராஜபாளையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஒரு ஒப்பந்தம் இருந்தது. "உன் நாட்டில் ஆறு ஞாயிறு இருந்து பார்க்கிறேன். ஆறாவது ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன், இருப்பதா, திரும்புவதா என்று" என்றாள். அதுவரை என் இடத்துக்கு வேறு ஆள் போடுவதில்லை, திங்கட்கிழமை காலையில் பதில் வந்துவிட வேண்டும் என்று நாம் தின் ஆலையின் மேலாளர் சொல்லியிருந்தார். இங்கே ராஜபாளையத்திலும் ஒரு மில்லில் வேலை கிடைத்திருந்தது.

எனக்கு இங்கேயே இருக்க ஆசை. அப்பா பஞ்சு குடோனில் மூட்டை சுமந்து சுமந்து முதுகு போய் வீட்டில் இருக்கிறார். நான் ஒரே பிள்ளை. ஆனால் இதை லானிடம் அழுத்திச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அவள் ஊரைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

கல்யாணச் செய்தியைப் போனில் சொன்னபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சோறு திம்பாளாலே?"

"ரெண்டு வேளையும் சோறுதாம்மா."

"அப்பச் சரி."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் எதையும் நோட்டில் எழுதித் திட்டம் போட்டுச் செய்தால்தான் உருப்படும் என்று ஒரு நம்பிக்கை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஆறு ஞாயிற்றுக்கும் ஆறு தலைப்புப் போட்டேன். வாரநாளில் எனக்கு மில் இருக்கும். ஞாயிறுதான் ஊர் காட்ட.

வந்து இறங்கிய சனிக்கிழமை மதியம் அம்மா நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தாள். கூடத்தில் எனக்கும் அப்பாவுக்கும் லானுக்கும் தட்டுப் போட்டாள். லான் விமானத்திலேயே என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியங்களைச் சொன்னாள். "மாமா, சாப்பிடுங்க. அத்தை, சாப்பிடுங்க."

அப்பா "ம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீ சாப்பிடு தாயி. நான் பொறவு சாப்பிடுதேன்" என்று கரண்டியோடு நின்றாள்.

லான் நாலு வாய் சாப்பிட்டாள். கை அப்படியே நின்றுவிட்டது. "போதும்" என்றாள். அதுவும் விமானத்தில் படித்த வார்த்தைதான்.

"காரமோ?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"பயணக் களைப்பும்மா" என்றேன்.

முதல் ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர். டவுன் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் லானுக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் பத்து ரூபாயை நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார். அவள் மறுபடியும் நீட்டினாள். ஓசியில் போவது தப்பு என்று அவள் கட்சி. இதற்குள் பஸ்ஸே இந்த வழக்கில் இறங்கிவிட்டது.

"பொம்பளையாளுகளுக்கு ஃப்ரீம்மா" என்றார் ஒருவர்.

"அது உள்ளூர்ப் பொம்பளைக்குல்லா, இது சீனாக்காரிக்குமா?"

"பொம்பளைன்னா பொம்பளதான். போர்டுல ஊரு பேரா போட்டிருக்கு?" என்றாள் பின்னால் கூடையோடு நின்ற ஒரு பெண்.

கண்டக்டர் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க டிக்கெட் எடுத்தாச்சா? முதல்ல அதச் சொல்லுங்க" என்றார். நான் எடுக்கவில்லை. எடுத்தேன். லான் சீனாக்காரி இல்லை, வியட்நாம் என்று நான் விளக்கியதை யாரும் கேட்கவில்லை.

ஊரில் பத்துக் கடைக்கு ஒன்பது பால்கோவாக் கடையாக இருப்பதைப் பார்த்து, "இங்கே வேறு எதுவும் விளையாதா?" என்றாள். நாங்கள் எங்களுக்குள் பேசுவது வியட்நாமியமும் மில் இங்கிலீஷும் கலந்த ஒரு பாஷை. அவள் சொல்வதை இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒரு கடை வாசலில் நின்றுகொண்டே இலையில் வைத்துக் கொடுத்த கால் கிலோவைத் தின்று முடித்தாள். பிறகு பக்கத்துக் கடையில் பால் விடாத கறுப்புக் காபி வாங்கி, அதில் ஒரு கரண்டி பால்கோவாவைப் போட்டுக் கலக்கினாள். அவள் ஊரில் காபியில் இனிப்பான டப்பாப் பால் விட்டுத்தான் குடிப்பார்கள். டீ மாஸ்டர் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். லான் அவரிடம் டம்ளரை நீட்டிக் காட்டினாள். அவர் தானும் ஒரு டம்ளரில் கலக்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "மோசமில்ல" என்றார்.

அன்று இரவு நோட்டில் எழுதினேன்: இனிப்பு பிடிக்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து அம்மா குழம்பில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் கூட்டினாள். பாயாசம் இரண்டு நாள் வைத்தாள். லான் "மாமா, சாப்பிடுங்க. அத்தை, சாப்பிடுங்க" என்பாள். நாலு வாய் சாப்பிடுவாள். "போதும்" என்பாள். அப்பாவுக்குத்தான் சர்க்கரை ஏறியது.

மற்றபடி அவள் ஊரோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள். நான் நாம் தின்னில் ஆறு மாதத்தில் பழகியதை அவள் இங்கே ஆறு நாளில் பழகினாள். வெயில் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மில் சங்கு ஊதினால் எந்த ஷிப்ட் என்று சொன்னாள். தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு முதல் ஆளாக நின்றாள். காய்கறிக்காரரிடம் போனில் கால்குலேட்டரைக் காட்டிப் பேரம் பேசினாள். அவரும் அதே போனில் தன் விலையைத் தட்டிக் காட்டினார். வாயைத் திறக்காமலே இரண்டு பேரும் பத்து நிமிஷம் சண்டை போட்டார்கள்.

பக்கத்து வீட்டு ரெங்கம்மா அக்கா தினமும் ஒரு சந்தேகத்தோடு வருவார். ஒரு நாள் என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"மதினி, இவிய ஊருல பாம்பெல்லாம் திம்பாகளாமே?"

நான் கோபத்தை அடக்கிக்கொண்டு லானுக்குச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டி, ரெங்கம்மா அக்காவிடம் நேராகவே சொன்னாள். "தினம் இல்லக்கா. விலை ஜாஸ்தி."

அதற்குப் பிறகு ரெங்கம்மா அக்கா சந்தேகம் எதுவும் கேட்கவில்லை. லானை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

இரண்டாவது ஞாயிறு அய்யனார் கோயில் ஆறு. என் மாமா மகனின் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். ஊரை விட்டு மேற்கே போகப் போக மாந்தோப்பும் தென்னந்தோப்பும், எதிரே மலை. சாரல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பாறைக்குப் பாறை குடும்பங்கள். ஆண்கள் எல்லாம் தண்ணீரில், பெண்கள் எல்லாம் பாத்திரத்தோடு கரையில்.

"மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது. அன்னப்பறவைப் படகு எங்கே?" என்றாள் லான். அவள் நாட்டில் முழங்கால் தண்ணீர் இருந்தாலும் ஒரு படகு விட்டு டிக்கெட் போட்டுவிடுவார்கள். இங்கே குளிப்பதுதான், வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கூம்புத் தொப்பியை அவள் கழற்றிப் பாறையில் வைத்தாள். ஒரு குரங்கு வந்து எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. லான் வியட்நாமியத்தில் கத்தினாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. பக்கத்துப் பாறையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர், "அது நம்மூருக் கொரங்கு தாயி. தமிழ்ல கேளு" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். லான் குரங்கைப் பார்த்து, "குடுங்க" என்றாள்.

"மரியாதையாக் கேக்குதே. குடுத்துரு" என்றார் அவர் குரங்கிடம்.

குரங்கு தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்தது. பிடிக்கவில்லை போல. ஆற்றில் போட்டது. தொப்பி மிதந்து வந்து நாலு பாறை தள்ளி நின்றது. அதைப் பிடிக்கப் போய் நான் பேன்ட் சட்டையோடு விழுந்தேன். அந்தக் குடும்பம் முழுவதும் கைதட்டியது.

அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தோம். லான் தன் பங்கை முடித்துவிட்டு என் பங்கிலும் பாதியைச் சாப்பிட்டாள். ஊறுகாயை விரலால் வழித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டில் இனிப்பை அடித்துவிட்டு எழுதினேன்: புளிப்பு பிடிக்கிறது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் புளிக்குழம்பு, எலுமிச்சை ரசம், மாங்காய்ப் பச்சடி. லான் "அத்தை, சாப்பிடுங்க" என்றாள். "நீ சாப்பிடு தாயி, எனக்கென்ன அவசரம்" என்றாள் அம்மா. நாலு வாய். போதும்.

மூன்றாவது ஞாயிறு எனக்கு மில்லில் ஆள் இல்லை என்று கூப்பிட்டுவிட்டார்கள். லானும் ரெங்கம்மா அக்காவும் சந்தைக்குப் போய் மாம்பழம் வாங்கி வந்தார்கள். சப்பட்டை மாம்பழம். சாயங்காலம் நான் வந்த பிறகு லான் அறைக்குள் தரையில் உட்கார்ந்து ஐந்து பழம் தின்றாள். ஆக, பசி இல்லாமல் இல்லை. இதை அம்மாவும் பார்த்துவிட்டாள்.

"சுடிதார் தொளதொளன்னு ஆயிட்டுலே" என்றாள் அம்மா என்னிடம், அரிசி களைந்துகொண்டே. "வேற எதாச்சும் சொல்லுதாளா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"நான் ஆக்குறது அவ வாய்க்கு வெளங்கல. நேராச் சொல்ல மனசு வரல பிள்ளைக்கு."

அந்த வாரம் நானே இறங்கினேன். அவள் ஊரில் காலையில் அரிசிச் சேமியாவைச் சூடான சாற்றில் போட்டுக் குடிப்பார்கள். இடியாப்பத்தைப் பிழிந்து, ஆட்டுக்கால் சூப்பை ஊற்றினால் அதுதானே என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா ஐந்து மணிக்கு எழுந்து பிழிந்தாள். லான் கிண்ணத்தைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. "அத்தை, சாப்பிடுங்க" என்றாள். அம்மா "நீ குடி, நீ குடி" என்று அடுப்பைப் பார்க்கப் போனாள். ஆறுகிற வரைக்கும் லான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நூலில் எந்த இடத்தில் இழை மெலிந்திருக்கிறது என்று இயந்திரம் சொல்வதற்கு முன்னால் விரலால் தடவியே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஆலையில் பெயர். என் வீட்டுக் கூடத்தில் தினம் இரண்டு வேளை கண்முன்னால் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

நான்காவது ஞாயிறு வத்திராயிருப்புப் பக்கம், பிளவக்கல் அணை பார்க்கத் திட்டம். கான்சாபுரம் தாண்டியதும் பைக் பஞ்சர். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் வயல். கடை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வயலில் களை எடுத்த பெண்கள் ஆறு பேர் வரப்பு மேட்டில் வேப்பமரத்தடியில் தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"ஏலே தம்பி, வண்டியத் தள்ளிக்கிட்டே அந்தப் பிள்ளையையும் நடக்க வைக்கியே. நீ போயி ஒட்டிட்டு வா. அது இங்கன இருக்கட்டும்" என்றார் அவர்களில் மூத்தவர்.

நான் தள்ளிக்கொண்டு போனேன். பஞ்சர் போடுகிறவர் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போயிருந்தார். அவர் வந்து, டியூபைத் தண்ணீரில் முக்கி, மூன்று ஓட்டை கண்டுபிடித்து, மூன்றையும் ஒட்டி, நான் திரும்பி வரும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. லான் அந்த வட்டத்தில் ஏழாவது ஆளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அலுமினியத் தட்டு. முகம் சிவந்து, மூக்கில் நீர் ஒழுகக் கம்பங்கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்ததும் ஆறு பேரையும் ஒவ்வொருத்தியா 'அக்கா சாப்பிடுங்க, அக்கா சாப்பிடுங்க'ன்னுச்சு" என்றார் மூத்தவர். "நாங்க எங்க திங்கறத விட்டோம்? வாயில வச்சிட்டுத்தான் பதில் சொன்னோம். பொறவு பாரு, எங்களுக்கு மிச்சம் வைக்கல."

"கட்டிக்கிட்டு வந்து பட்டினி போட்டிருக்கான்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். லானும், ஒன்றும் புரியாமல், எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

கருவாட்டுக் குழம்பை நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குழம்பைவிட இரண்டு மடங்கு காரம். அப்படியானால் காரமும் இல்லை. அணையை அன்று பார்க்கவில்லை. நோட்டில் எழுதினேன்: கஞ்சி, கருவாடு.

அந்த வாரம் அம்மா கஞ்சி வைத்தாள். லான் நாலு வாய் குடித்தாள்.

ஐந்தாவது ஞாயிறு எங்கும் போகவில்லை. நாம் தின் மேலாளர் நினைவுபடுத்திச் செய்தி அனுப்பியிருந்தார். லான் அவள் அம்மாவோடு போனில் ரொம்ப நேரம் பேசினாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "எல்லோரும் நல்லவர்கள்தான் அம்மா. ஊர் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் என்னை இன்னும் விருந்தாளியாகத்தான் வைத்திருக்கிறார்கள்." அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நோட்டை எடுத்தேன். எழுத ஒன்றும் இல்லை.

ஆறாவது ஞாயிறு மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். இந்த முறை அம்மாவும் வந்தாள். "போறதுன்னா கோயில்ல ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகட்டும்" என்றாள். லான் போய்விடுவாள் என்று அவளும் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. அப்பாவுக்குப் பஸ் குலுக்கல் ஆகாது, வீட்டில் இருந்துகொண்டார். டவுன் பஸ்ஸில் மாமியாரும் மருமகளும் இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

முதலில் மடவார் வளாகம் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு, பிறகு ஆண்டாள் கோயில். பூக்கடையில் அம்மா மாலை வாங்கினாள். இங்கே தாயார் சூடிய மாலைதான் பெருமாளுக்குப் போகும் என்று அம்மா சொன்னதை லானுக்குச் சொன்னேன்.

"பெரியவருக்கு முன்னாலேயா?" என்றாள்.

"ஆமாம்."

"நல்ல தைரியம்" என்றாள். பிறகு, "எனக்கு வராது" என்றாள்.

நான் அதையும் விட்டுவிட்டேன். என் மனசெல்லாம் சாயங்காலம் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதில் இருந்தது.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வாசலில் அம்மா நின்றுவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் போயிச் சாப்பிடுங்க. நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்."

"செருப்பக் கழத்தவே வேண்டாம்மா."

"அப்ப கோயில்ல குடுத்த மாலையப் பாத்துக்கிடுதேன்."

பரிமாறுகிறவர் கையில் இலைக்கட்டோடு வந்தார். "அம்மா, உள்ள வாங்க. வழிய மறிச்சிட்டு நிக்காதிய. மூணு சாப்பாடா?" என்று அம்மாவின் பதிலுக்குக் காத்திராமல் சுவர் ஓரத்து மேஜையில் மூன்று இலையைப் போட்டுவிட்டார். அம்மா சுவர்ப் பக்கம். அவளுக்கு அடுத்து லான். எதிரே நான். எழுந்து போக வழி இல்லை.

சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. லான் திரும்பி, "அத்தை, சாப்பிடுங்க" என்றாள்.

அம்மா இலையைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். கையில் கரண்டி இல்லை. மெதுவாகப் பிசைந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வாய் வைத்தாள்.

லான் ஆரம்பித்தாள். சாம்பாருக்கு ஒரு முறை சோறு, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை. கூட்டு இரண்டு தரம். அப்பளத்தை உடைத்து அம்மாவின் இலையில் பாதி வைத்தாள். பரிமாறுகிறவர், "பிள்ள நல்லாச் சாப்பிடுதே. எந்த ஊரு?" என்றார்.

"எங்க வீட்டுப் பிள்ளதான்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "பாத்தியாலே. ஓட்டல் சாப்பாடு எறங்குது."

அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. எதிரே குனிந்து வியட்நாமியத்தில் கேட்டேன். "லான், வீட்டில் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய்? இங்கே எப்படி இறங்குகிறது?"

அவள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இது என்ன கேள்வி என்பது போல் நிமிர்ந்து, "இங்கே அம்மா சாப்பிடுகிறாரே" என்றாள்.

நாம் தின்னில் அவள் வீட்டில் நான் சாப்பிட்ட முதல் நாள் அப்போது ஞாபகம் வந்தது. பாயில் பதினோரு பேர். லான் ஒவ்வொரு பெரியவரையும் உறவுமுறை சொல்லிச் சாப்பிட அழைத்து, ஒவ்வொருவரும் குச்சியை எடுத்த பிறகுதான் தன் கிண்ணத்தைத் தொட்டாள். சோறு ஆறுகிறதே, எதற்கு இந்த வருகைப் பதிவு என்று நான் மனசுக்குள் சிரித்தேன்.

"பெரியவர் சாப்பிடாமல் மருமகள் எப்படிச் சாப்பிடுவது?" என்றாள் லான். "முதல் நாளிலிருந்து கூப்பிடுகிறேன். ஐந்து வாரம். ஒரு தடவைகூட அவர் உட்காரவில்லை. என்னோடு உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நீயும் அவரைக் கூப்பிடவில்லை. நீ பாட்டுக்குச் சாப்பிட்டாய்."

"என்னலே சொல்லுதா?" என்றாள் அம்மா.

சொன்னேன். மெஸ் இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா லானைப் பார்த்தாள்.

"அடி பாதகத்தி. அம்புட்டு நாளும் எனக்காகவா பட்டினி கெடந்த?" என்றாள். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "நான் உக்காந்தா யாருலே பரிமாற? கல்யாணம் ஆன நாள்ல இருந்து அடுப்படியிலதான் சாப்பிடுதேன். நான் திங்கறத ஒருத்தரும் பாத்ததில்லலே. கூச்சமா இருக்கும்."

இது எனக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரியாது. அல்லது தெரியும், கேட்கத் தோன்றவில்லை. அம்மா சொன்னதை லானிடம் சொன்னேன். அவள் இலையை மடித்தாள். கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னாள். "நேற்று வரைக்கும் திரும்புவது என்றுதான் இருந்தேன். இன்றைக்கு வீட்டுச் சாப்பாடு முடியட்டும். அப்புறம் சொல்கிறேன்."

திரும்புகிற பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழி முழுக்க ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நுழைந்தவள், விளக்கு வைத்த பிறகு சோற்றுப் பானை, மீன் குழம்புச் சட்டி, பொரியல், ரசம், தண்ணீர்ச் செம்பு என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். நாலு தட்டுப் போட்டாள்.

அப்பா பார்த்தார். "என்ன இது? யாருக்காச்சும் விசேஷமா?"

"உங்களுக்கு வேணுங்கறத நீங்களே எடுத்துப் போட்டுக்கிடுங்க" என்றாள் அம்மா.

அப்பா கரண்டியை வாங்கிப் புதிதாக வந்த உதிரிப் பாகத்தைப் போலத் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகத் தானே சோறு போட்டார். மூன்று ஆள் சாப்பிடுகிற அளவு விழுந்தது. "கை வாகு தெரியல" என்றார்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உப்பை மறந்துவிட்டேன் என்று எழப் போனாள். லான் உப்பை எடுத்துக் காட்டினாள். அது முன்னாலேயே வந்திருந்தது.

"மாமா, சாப்பிடுங்க. அத்தை, சாப்பிடுங்க" என்றாள் லான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, சாப்பிடுங்க" என்றேன். "அம்மா, சாப்பிடும்மா."

அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். "எல்லாரும் என் வாயப் பாத்தா நான் எப்படி முழுங்க?" என்றாள். நாங்கள் குனிந்துகொண்டோம்.

ரெங்கம்மா அக்கா வாசலில் வந்து, "மதினி" என்று குரல் கொடுத்தார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம் ரெங்கம்மா. பொறவு வா" என்றாள் அம்மா. ரெங்கம்மா அக்கா தலையை நீட்டி உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்.

லான் இரண்டாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்டாள். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினாள். நிமிராமலே சொன்னாள். "ஆலைக்கு எழுதிவிடு. வரவில்லை என்று. ஆனால் வருஷா வருஷம் புத்தாண்டுக்கு என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மாவையும்."

நான் இடது கையால் போனை எடுத்து அங்கேயே எழுதினேன். ஒரு வரி. எழுத்து இரண்டு இடத்தில் தப்பாக விழுந்தது. திருத்தாமல் அனுப்பினேன்.

"என்னலே?" என்றாள் அம்மா.

"இங்கயே இருப்போங்காம்மா. ஒனக்கு ஒரு பாஸ்போர்ட் எடுக்கணுமாம்."

அம்மா லானின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

அடுப்படியில் நின்று விழுங்கிப் பழகியவள் அம்மா. ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். அப்பாவும் நானும் கை கழுவி வந்து உட்கார்ந்தோம். லான் மெதுவாகச் சாப்பிடுகிறவள். தட்டில் இன்னும் பாதி இருந்தது. எச்சில் கை காயக் கூடாது என்று சின்ன வயதில் என்னை அடித்து எழுப்பிய அம்மா, காய்ந்துபோன கையை மடியில் வைத்துக்கொண்டு, லான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.